இடையில் நிறுத்தாத வாசிப்பு

கடவுள் உலகத்தைப் படைத்தபோது, மலை, கடல் எல்லாவற்றுக்கும் முன்னால் மாமாவின் வலது காதைத்தான் செய்தார். அது அவ்வளவு நேர்த்தியாக வந்துவிட்டதால் கையோடு இடது காதையும் செய்தார். மிச்சமிருந்த மண்ணை உருட்டித்தான் மற்ற எல்லாருக்கும் காது வைத்தார். அதனால்தான் அடுத்த தெருவில் எறும்பு ஏப்பம் விட்டால் மாமா இங்கிருந்தே "என்ன, சாப்பாடு பலமா?" என்று விசாரிப்பார். மழை வருவதற்கு முன் மேகம் தொண்டையைச் செருமுவது அவருக்குக் கேட்கும். காது மாநாடு என்று ஒன்று நடந்தால் தலைமை நாற்காலி அவருக்குத்தான்.

இப்படியே சொல்லிக்கொண்டு போகத்தான் ஆசை. ஆனால் உண்மை என்று ஒன்று குறுக்கே படுத்துக் கிடக்கிறதே. மாமாவின் காது கெட்டுப்போய்விட்டது. கெட்டது மட்டும் என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

மாமாவுக்கு வேலை ஒரு பெரிய சலவைக்கூடத்தில். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் வண்டி வண்டியாகப் படுக்கை விரிப்பு வரும். துவைக்க ஒரு வரிசை மெஷின், பிழிய ஒரு வரிசை, காயவைக்க ஒரு வரிசை. ராத்திரியிலும் நிற்காது. மாமா பிழியும் மெஷின்காரர். ஈரத்துணியை உள்ளே திணித்துக் கதவைச் சாத்தினால் அது முதலில் முனகும், அப்புறம் உறுமும், அப்புறம் கட்டடத்தையே முதுகில் தூக்கிக்கொண்டு ஓடப்பார்க்கும். மீசை முளைத்த காலத்தில் அதன் பக்கத்தில் போய் நின்றவர், மீசை நரைக்கும்வரை அங்கேயே நின்றார்.

ஒருநாள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "அடுப்புல குக்கர் அடங்காம நிக்குது பாரு" என்றார். அத்தை அடுப்பைப் பார்த்தாள். அன்றைக்கு அடுப்பே மூட்டவில்லை. கடையில் வாங்கிய சாப்பாடு.

காது டாக்டர் அவரை ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்கச் சொன்னார். மாமா அமுக்கினார். அமுக்கிக்கொண்டே இருந்தார்.

டாக்டர் கதவைத் திறந்து, "நான் இன்னும் சத்தமே போடலையே" என்றார்.

"நீங்க போடல சார். அவன் போடுறான்."

மாமா அந்தச் சத்தத்துக்கு 'வீட்டோட மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தது அப்போதுதான். பெண் பெறாமலே மாப்பிள்ளை வாய்த்தது உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் இருக்கும். கூப்பிடாமல் வந்தான், போகச் சொன்னால் போகமாட்டான், எல்லாரும் வாயை மூடினால் அவன் ஆரம்பிப்பான். டாக்டர் சொன்னது இதுதான்: அவன் போகமாட்டான், பழகிக்கொள்ள வேண்டும். வீட்டை அமைதியாக விடாமல் மெல்லிசாக ஏதாவது ஓடவிட வேண்டும். முக்கியமாக, மெஷின் பக்கமே போகக்கூடாது. போனால் மிச்சமிருக்கும் காதும் போய்விடும்.

சலவைக்கூடத்திலும் நல்ல மனசோடு அவரை மடிப்பு அறைக்கு மாற்றினார்கள். தலையணை உறை மடிக்கிற இடம். பஞ்சு மாதிரி அமைதி. மாப்பிள்ளைக்கு அதுதான் கச்சேரி மேடை. மெஷின் பக்கத்தில் நின்ற காலத்தில் ஒருநாளும் வாயைத் திறக்காதவன், மடிப்பு அறையில் காலை முதல் மாலைவரை பிளந்துகட்டினான். இரவில் கேட்கவே வேண்டாம். அத்தை குளிரிலும் மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டு, தான் இரண்டு போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். கொஞ்ச நாள் பலித்தது. அப்புறம் மாமா, "ரெண்டும் பழகிக்கிச்சுங்க. இப்ப சேந்து பாடுதுங்க" என்றார்.

தூக்கம் இல்லாமல் கண் உள்ளே போய்விட்டது. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். ஒருநாள் சலவைக்கூடத்து சூப்பர்வைசர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, மாசக் கடைசியில பிழியிற மெஷின்ல ஒருத்தன் வேலையை விட்டு நிக்கிறான். உங்களுக்கு வேணும்னா சொல்லுங்க. உங்க இஷ்டம், நான் வற்புறுத்தல" என்றார்.

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அத்தை கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"காதைக் கொடுத்து தூக்கத்தை வாங்கப் போறீங்களா?"

"காதை வச்சுக்கிட்டு என்ன பண்றது? கேக்குறது அவன் ஒருத்தன்தான்."

"காதுல அடைப்பான் வச்சுக்கிட்டு மெஷின்கிட்ட நில்லுங்களேன்."

"அடைப்பான் வச்சா அவனும் நானும் ஒரே ரூம்ல, கதவைச் சாத்திக்கிட்டு. சும்மா இரு."

அத்தைக்கு இருந்த ஒரே வழி தம்பிக்கு போன் போடுவது. போட்டாள்.

அத்தையின் தம்பி ஸ்பீக்கர் கடையில் விற்பனையாளர். வாயைத் திறந்தால் கடை திறந்த மாதிரி. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே இடுப்பு உயரத்தில் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் தட்டு போடும் பிளேயருமாக வந்து இறங்கினார். கடையில் காட்சிக்கு வைத்திருந்த ஜோடியாம். ஒன்றின் பக்கவாட்டில் கீறல் விழுந்துவிட்டதால் யாரும் எடுக்கவில்லையாம். சுவரிலிருந்து இத்தனை சாண், நாற்காலியிலிருந்து இத்தனை சாண் என்று வீட்டையே ஒதுக்கிப் போட்டார். சாப்பாட்டு மேசை மாடிப்படிக்கு அடியில் போனது.

"அத்தான், இதுல சினிமாப் பாட்டு போட்டீங்கன்னா பாவம். யானையைக் கட்டி மாவரைக்கிற மாதிரி. இதுக்கு கிளாசிக்கல்தான். பெரிய வாத்தியக் குழு. கண்ணை மூடுங்க."

மாமா கண்ணை மூடினார். இசை ஆரம்பித்ததா இல்லையா என்றே தெரியவில்லை. எங்கோ ஒரு வயலின், யாரோ ரகசியம் பேசுகிற மாதிரி. மாமா ஒரு கண்ணைத் திறந்தார்.

"மாப்பிள்ளைதான் கேக்குறான்."

"சத்தத்தைக் கூட்டுங்க அத்தான்."

கூட்டினார்கள். அந்த நேரம் பார்த்து அறுபது பேர் ஒரே மூச்சில் வாசிக்க ஆரம்பித்தார்கள். பித்தளைக் குழல்கள், பெரிய முரசு, எல்லாம். அத்தை சமையலறையில் வீல் என்று கத்தினாள். மாடியில் குடியிருக்கும் மாமாவின் தங்கை, கட்டடம் இடிகிறது என்று செருப்பில்லாமல் இறங்கி வந்தாள். அவள் பின்னாலேயே அவள் மகளும் வந்தாள்.

இந்த மகளைப் பற்றி இரண்டு வார்த்தை. தெருவில் அவள் பெயர் வாலு. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவள். வீட்டில் காணாமல் போகிற பொருளுக்கும் கதவில் ஒட்டிக்கொள்ளும் பசைக்கும் பொதுவாக அவள்தான் பொறுப்பு. இந்தக் கதையில் அவள் கொஞ்சம் நல்லவளாகத் தெரிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். எழுதுகிறவளுக்கும் அவளுக்கும் ஒரே செருப்பு அளவு.

"மாமா, பூகம்பமா?" என்றாள் வாலு.

"இல்ல மருமகளே. அமைதியா இருக்கணும்னு டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து."

மச்சினன் அசரவில்லை. தப்பு இசையில் இல்லை, தேர்வில் இருக்கிறது என்றார். ஒரே இசையைப் பத்துப் பேர் பத்து விதமாக வாசித்திருப்பார்களாம், அதில் சரியானதைப் பிடிப்பதுதான் வித்தையாம். அதனால் மாமா வித்தை கற்கப் புறப்பட்டார். வேலை முடிந்ததும் நகர நூலகத்துக்குப் போனார். அங்கே இசைத்தட்டுகளுக்கென்று ஒரு மூலை உண்டு. இரவல் வாங்கலாம். அந்த மூலையைப் பார்த்துக்கொள்ளும் அம்மா கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு, "என்ன மாதிரி வேணும்? பியானோவா, வயலினா, குழுவா?" என்று கேட்டார்.

"எதுவானாலும் பரவாயில்லம்மா. நடுவுல நிறுத்தக்கூடாது."

"நிறுத்தாமன்னா?"

"இவங்க வாசிச்சுக்கிட்டே இருக்காங்க, திடீர்னு கையைத் தூக்கிட்டு சும்மா இருக்காங்க. அந்த இடைவெளி இல்லாம."

அந்த அம்மா கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டி மாமாவைப் பார்த்தார். "இந்த இசையில மௌனமும் ஒரு பகுதிங்க. ரசிக்கிறவங்க அதுக்காகவே காத்திருப்பாங்க."

"அந்தப் பகுதிதாம்மா வேண்டாம். அந்த நேரம் எங்க வீட்ல வேற ஒருத்தன் வாசிக்க ஆரம்பிச்சிடுறான்."

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் நல்லவர். ஒரே பியானோ இசையை மூன்று பேர் வாசித்த மூன்று தட்டுகளை எடுத்துக் கொடுத்தார்.

முதல் தட்டில் வாசித்தவர் நிதானப் பேர்வழி. ஒரு கட்டையை அழுத்தினால் அது தேய்ந்து கரைந்து ஆவியாகும்வரை அடுத்ததைத் தொடமாட்டார். மாமா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்ததை அடிச்சித் தொலையேன்யா" என்று கெஞ்சினார். இரண்டாவது ஆளுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கிடுகிடுவென்று ஓடினார். மாமாவுக்கு முதலில் பிடித்தது. ஆனால் சீக்கிரம் முடிந்துவிட்டது, முடிந்த இடத்தில் மாப்பிள்ளை பாய் விரித்துக் காத்திருந்தான்.

மூன்றாவது தட்டு மிகப் பழைய வாசிப்பு. வாசித்தவரும் அந்தக் காலத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டாராம். போட்டவுடன் பியானோவுக்கு முன்னால் ஒரு இரைச்சல் வந்தது. தூரத்தில் மழை பெய்கிற மாதிரி, எண்ணெயில் எதையோ வறுக்கிற மாதிரி, ஸ்ஸ்ஸ் என்று. அந்த மழைக்குள்ளிருந்து பியானோ மெதுவாக நனைந்துகொண்டே வந்தது. ஓர் இடத்தில் வாசிப்பவர் கையைத் தூக்கினார். மாமா தோளை இறுக்கிக்கொண்டு தயாரானார்.

மாப்பிள்ளை வரவில்லை. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

"ஏய், இங்க வா" என்று அத்தையைக் கூப்பிட்டார். "கேளு."

"பியானோ நின்னுடுச்சே."

"நின்னுடுச்சு. ஆனா அவன் வரல பாரு!"

அத்தை கை துடைக்கும் துணியோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்று மாமா நாற்காலியிலேயே தூங்கினார். வாய் திறந்து, தலை சாய்ந்து, வெட்கமே இல்லாமல். வாலு அவர் நெற்றியில் பேனாவால் ஒரு பூனை வரைந்தாள். எழுப்பாமல் வரைவது எவ்வளவு கஷ்டம் என்று வரைந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அதற்கப்புறம் வேறு தட்டைத் தொடவில்லை. அதே தட்டு, அதே மழை. முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. வேலைக்குப் போகும்போது சட்டை நேராக இருந்தது. சூப்பர்வைசரிடம், "அந்த மெஷின் வேலை இப்ப வேண்டாம், பாக்கலாம்" என்றுகூடச் சொல்லிவிட்டு வந்தார். அந்த ஒரு வாரம் அத்தை கடைக்காரனோடு பேரம் பேசாமல் காய் வாங்கினாள். அவ்வளவு சந்தோஷம்.

உபகாரம் செய்கிறவர்களை மட்டும் நம்பக்கூடாது.

மச்சினன் அடுத்த முறை வந்தபோது மாமா வேலையில் இருந்தார், அத்தை கடைக்குப் போயிருந்தாள். தட்டைப் போட்டுக் கேட்டார். ஸ்பீக்கர்காரருக்கு ரத்தம் கொதித்தது. தங்கத் தட்டில் பழைய சோறா? அந்தத் தட்டைப் பையில் போட்டு நேரே நூலகத்துக்குப் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே வாசிப்பின் புதுப் பதிப்பைக் கடையில் தேடி வாங்கி வந்து, பரிசுத்தாள் சுற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

மாமா வந்து கையைக்கூடக் கழுவாமல் போட்டார். பியானோ துல்லியமாக வந்தது. பளிங்கு மாதிரி. மழை இல்லை.

"எங்க அது?"

"எது அத்தான்?"

"அந்த... அதுக்குப் பின்னாடி இருக்குமே, அது."

"இரைச்சலா? சுத்தமா எடுத்துட்டாங்க! கம்ப்யூட்டர்ல போட்டு ஒவ்வொரு பொட்டா கழுவியிருக்காங்க. நீங்க துணி வெளுக்கிற மாதிரியே, அத்தான்!"

மச்சினன் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். மாமாவுக்குக் கோபம் வரும் என்று வாலு ஆசையோடு காத்திருந்தாள். வரவில்லை. ஆசையாக வாங்கி வந்தவன்மேல் எப்படி வரும்? "நல்லாயிருக்குப்பா" என்றார். வாசிப்பவர் கையைத் தூக்கிய இடத்தில் மாமாவின் கண் இமை துடித்ததை மட்டும் எல்லாரும் பார்த்தார்கள்.

மறுநாள் நூலகத்துக்கு ஓடினார். அந்த அம்மா வருத்தப்பட்டார். "ரொம்பத் தேஞ்சிருக்குன்னு புழக்கத்திலேருந்து எடுத்துட்டோமேங்க. உங்க உறவுக்காரர்தான் குறை சொன்னாரு, இரைச்சல் தாங்கலைன்னு." போன தட்டு எங்கே போனது என்று அவருக்கும் தெரியவில்லை. அதற்குப் பதிலாக இரைச்சல் உள்ளவை என்று நினைத்துப் பழைய தட்டுகள் சிலதைத் தேடிக் கொடுத்தார். ஒன்றில் இரைச்சல் கரகரவென்று எலி பிராண்டுகிற மாதிரி இருந்தது. ஒன்றில் இரண்டு பாட்டுக்கு இருந்தது, மூன்றாவதில் இல்லை. இன்னொன்றில் இரைச்சலும் மாப்பிள்ளையும் ஒரே சுதியில் சேர்ந்துகொண்டார்கள். புல்லாங்குழல் போட்டுப் பார்த்தார். மாப்பிள்ளைக்கு அண்ணன் வந்த மாதிரி இருந்தது. தட்டு தட்டாக அடுக்கி வைத்துக்கொண்டு, எதைப் போடுவது என்று தெரியாமல், அந்தப் பெரிய ஸ்பீக்கர்களுக்கு நடுவில் மாமா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் உட்காரவைத்த ஆள் மாதிரி இருக்கும்.

ஒரு சாயங்காலம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, "நாளைக்குக் காலைல போய் சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிடப் போறேன்" என்றார்.

அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டு வெங்காயம் உரித்தாள். இந்தத் தடவை கேட்கவே மாட்டார் என்று குரலிலேயே தெரிந்தது. வாலு மட்டும், "மாமா, முழுச் செவிடானா நான் உன்னை எப்படித் திட்டுறது? எழுதிக் காட்டணும். எனக்கு எழுத்துப் பிழை வரும்" என்றாள்.

"நீ திட்டுறது கேக்கலைன்னா அதுவே பாதி ஆரோக்கியம்."

காலையில் மாமா நன்றாகச் சவரம் செய்துகொண்டு போனார். போனவர் சூப்பர்வைசர் மேசைமுன் நின்று, விஷயத்தைச் சொன்னார். சூப்பர்வைசர் மாமாவைப் பார்க்காமல் பேனா மூடியைத் திருகினார்.

"இல்லண்ணே. ஆள் போட்டாச்சு."

"மாசக் கடைசின்னு சொன்னியேப்பா?"

"முன்னாடியே போட்டுட்டோம். இனிமே அங்க இடம் வராதுண்ணே."

மாமா மடிப்பு அறைக்குத் திரும்பி வந்து தலையணை உறைகளை எடுத்தார். மூலையோடு மூலை சேர்த்து, தட்டி, மடித்து. பக்கத்தில் மடித்துக்கொண்டிருந்த பெண், "அண்ணே, உடம்புக்கு என்ன?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லம்மா" என்றார். காதுக்குள் மாப்பிள்ளை சபாஷ் போட்டான்.

அன்று மாலை வீட்டில் மச்சினன் இருந்தார், புதிய வயர் ஒன்றோடு. வாலு மாடியிலிருந்து போனைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

"மாமா, ஒரு புது இசை கிடைச்சிருக்கு. நடுவுல நிறுத்தவே மாட்டாங்க. நவீன கிளாசிக்கல். பேரு 'சுழற்சி'. மூணு பாகம்."

"யார் வாசிச்சது?" என்றார் மச்சினன்.

"வெளிநாட்டுக் குழு. பேரு வாய்ல நுழையல."

போனை ஸ்பீக்கரோடு இணைத்தாள். முதலில் ஒரு முனகல். அப்புறம் உறுமல். கனமான ஏதோ ஒன்று சுற்ற ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி, அறையின் தரையே லேசாக அதிர்ந்தது. மச்சினன் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். "ஆகா. அந்த அடித்தொண்டை பாத்தீங்களா அத்தான்? இதுதான் இந்த ஸ்பீக்கருக்கு ஏத்த தீனி. கீழ்ஸ்தாயி செல்லோவா இருக்கணும், வயலினோட பெரிய சைஸ். குறைஞ்சது எட்டுப் பேர்."

வாலு உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். முதுகு குலுங்கியது.

முதல் சுற்றிலேயே மாமாவின் முகத்தில் ஒரு நரம்பு தளர்ந்தது. எந்தக் குழு என்று அவருக்குத் தெரியாதா? இருந்தாலும், "ஆமாப்பா, எட்டுப் பேர் இருக்கும்" என்றார். சத்தத்தை மெலிதாக வைக்கச் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். மச்சினன் கிளம்பும்போது அவர் தூங்கிவிட்டிருந்தார். அத்தை விளக்கைக்கூடப் போடாமல் வாசற்படியில் உட்கார்ந்து, யார் வந்தாலும் உதட்டில் விரலை வைத்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம்தான். இரண்டாம் பாகம் ஓடும்போது மாமா கண்ணைத் திறந்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வாலு."

"என்ன மாமா, அடுத்த பாகம் இன்னும் பிரமாதமா..."

"இங்க வந்து உட்காரு. இந்த இடத்தைத் திருப்பிப் போடு. என்ன கேக்குது?"

"இசை."

"அதுக்குக் கீழ?"

"கீழ தரை இருக்கு."

மாமா சிரிக்கவில்லை. மெஷினுக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் மெஷினுக்கு மேலே கத்துவதில்லை. கத்தினால் ஒரே வாரத்தில் தொண்டை போய்விடும். குரலைத் தாழ்த்தி, வார்த்தையைத் தடிமனாக்கி, மெஷினுக்குக் கீழே பேசுவார்கள். கேட்பதும் கீழேதான். கல்யாணப் பேச்சு, கடன் பேச்சு, அடுத்தவன் குடும்பச் சண்டை எல்லாம் மாமா அப்படியே கேட்டு வளர்ந்தவர். வாலு பதிவு செய்ததை வீட்டில் போனிலேயே வைத்துச் சோதித்துப் பார்த்திருந்தாள். அந்தப் பொடி ஸ்பீக்கரில் கடகடவென்ற சத்தத்தைத் தவிர வேறு ஒன்றும் விழவில்லை. இந்தப் பெட்டிகளுக்கு அந்த மறைப்பெல்லாம் தெரியாது.

மாமா கண்ணை மூடிக்கொண்டு, மெஷின் ஓட ஓட, ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கி எடுத்தார்.

"'அண்ணா... நாளைக்கு எங்க மாமா வந்து... இடம் கேப்பாரு.'"

"மாமா, அது யாரோ..."

"உஸ். வாசிக்கும்போது பேசக்கூடாது. 'ஆள் போட்டாச்சுன்னு சொல்லிடுங்க... உங்க காலைப் பிடிச்சுக்கிறேன்.' இது ஒரு பொண்ணு. சூப்பர்வைசர் சொல்றான், 'அவரு தூக்கமில்லாமச் சாகுறாரேம்மா... ஒரு நல்ல மனுசன்கிட்ட நான் எப்படிம்மா பொய் சொல்றது?'"

வாசற்படியில் அத்தை திரும்பிப் பார்த்தாள். வாலு போனை எடுக்கக் கையை நீட்டினாள். மாமா அந்தக் கையைப் பிடித்துத் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். மெஷின் வேகம் எடுத்தது. அவர் தலையைச் சாய்த்து, முதலில் ஒரு காதையும், அப்புறம் மற்றதையும் ஸ்பீக்கர் பக்கம் திருப்பினார். நெற்றி சுருங்கியது. மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் கேட்டார்.

"அதுக்கு அந்தப் பொண்ணு ஏதோ பதில் சொல்லுது. நீளமாத்தான் சொல்லுது. நானும் பாக்குறேன், அது மட்டும் பிடிபட மாட்டேங்குது" என்றார். "சொல்லு வாலு. அதுக்கு நீ என்ன சொன்ன?"